டப்ளின் நகரில் மூன்று பாட்ரிக் திருநாள்கள்

திருவிழா என்பது ஓர் ஊர் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும் நாள். ஆண்டின் மற்ற நாள்களில் ஊரார் உழைக்கின்றனர், உண்கின்றனர், உறங்குகின்றனர். விழா நாளிலோ தாம் யார், எவர் வழி வந்தவர், எதனை மறவாமல் காத்து வருபவர் என்பதைத் தமக்கும் பிறர்க்கும் சொல்லிக்கொள்கின்றனர். ஏற்காட்டைச் சூழ்ந்த செம்மநத்தம் முதலிய மலையூர்களில் வாழும் மக்களுக்கு வைகாசியில் வரும் சேர்வராயன் திருவிழா அத்தகையதொரு நாள். புகார் நகரத்துக்கு இந்திர விழா அத்தகையது. அவ்விழாவை மறந்தமையாலேயே அம்மாநகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் கூறும். விழாவை இழந்த ஊர் தன்னையே இழக்கும் என்பது அக்கதையின் உட்பொருள் எனலாம்.

ஆயின் புகாரைப் பற்றிய மற்றொரு செய்தியையும் பழந்தமிழ் நூல்கள் சொல்கின்றன. மொழியால் வேறுபட்ட பல தேயத்தார் அந்நகரில் கலந்து இனிது உறைந்தனர் என்பது அச்செய்தி. ஓர் ஊரின் விழாவுக்கு வேற்றூரார் வந்து நின்றால் அவர் வெறும் பார்வையாளரா, விழாவில் பங்குடையவரா? விழா ஊராருக்கு மட்டுமே உரிய சொத்தா, வாயில் திறந்து வைக்கப்பட்ட விருந்தா? இவ்வினாவுக்கு விடை காண உதவும் நிகழ்ச்சி ஒன்று 1913 முதல் 1916 வரை அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் நிகழ்ந்தது. அதன் நடுவே இருந்தவர் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து சட்டம் பயிலச் சென்ற ஓர் இளைஞர். பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த வராககிரி வேங்கட கிரியே அவர்.

அந்நியர் பெயரில் அமைந்த நாள்

மார்ச் 17 அயர்லாந்து மக்களின் தேசியத் திருநாள். தமிழ்க் கணக்கில் அது பங்குனியின் முதல் வாரம். புனித பாட்ரிக் என்னும் அடியார் மறைந்த நாளாக மரபு அதனைக் கொள்கிறது. வியப்பு என்னவெனில், அயர்லாந்து தன் காவலராகப் போற்றும் பாட்ரிக் அந்நாட்டில் பிறந்தவர் அல்லர். கி.பி. 5ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர் பிரித்தானியத் தீவில் பிறந்தவர். ஏறத்தாழப் பதினாறாம் வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அடிமையாக அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்தார். பின்னர்த் தப்பித் தம் வீடு சேர்ந்தார். அடிமைப்படுத்திய அதே மண்ணுக்குச் சமயப் பணியாளராக மீண்டும் வந்தார். இவையெல்லாம் அவரே இலத்தீனில் எழுதிவைத்த தன்வரலாற்று உரையிலிருந்து அறியப்படுவன. அவர் எழுதியனவாக இரண்டு சிறு நூல்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் மற்றொன்று மனிதரைப் பிடித்து அடிமைகளாக்கிய ஒரு படைத்தலைவனைக் கண்டித்து எழுதிய மடல்.

பாம்புகளை அவர் நாட்டை விட்டு விரட்டினார் என்பதும், மூன்று இலைகள் ஒரே காம்பில் அமைந்த சிறு பூண்டைக் காட்டி மூவொரு கடவுட் கொள்கையை விளக்கினார் என்பதும் பிற்காலப் புனைவுகள். அயர்லாந்தில் பாம்பு இருந்ததற்கே சான்றில்லை. மூவிலைக் கதை 18ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் காணப்படுகிறது. ஆயினும் அம்மூவிலைப் பூண்டு மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. விழா நாளில் அதனைச் சட்டையிலோ தொப்பியிலோ செருகிக்கொள்வது வழக்கமாயிற்று.

இந்நாள் பெரும்பாலும் கிறித்தவர்களின் தவக்காலத்திற்குள் வரும். இறைச்சியும் களியாட்டமும் விலக்கப்பட்ட நாற்பது நாள் நோன்பின் நடுவே இந்த ஒரு நாள் மட்டும் தளர்வு உண்டு. விருந்தும் ஆட்டமும் மதுவும் இந்நாளுடன் ஒட்டிக்கொண்டதன் காரணம் இதுவே. இரவின் கடைசிக் கிண்ணத்தில் சட்டையிலிருந்த மூவிலையை இட்டுப் பருகுவதற்கு ‘மூவிலையை மூழ்கடித்தல்’ என்றே பெயர் வழங்கியது.

ஊர்வலம் என்னும் வழக்கம் பெரிதும் வளர்ந்தது அயர்லாந்தில் அன்று, புலம்பெயர்ந்த மண்ணில். பாஸ்டன் நகரில் 1737இலும் நியூயார்க்கில் 1762இலும் அயர்லாந்தினர் இந்நாளைக் கூடிக் கொண்டாடினர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். அவ்வாறு சென்றவர்களுக்கு மார்ச் 17, இழந்த தாயகத்தை ஆண்டுக்கொரு முறை தெருவில் நடந்து மீட்கும் நாளாயிற்று. அந்நியராய் வந்த அடியாரின் பெயரால், அந்நிய மண்ணில் வாழ்ந்தோர் வளர்த்த விழா இது.

மொழியின் நாளாக

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தின் சொந்த மொழி மறைந்துகொண்டிருந்தது. பள்ளியும் நீதிமன்றமும் சந்தையும் ஆங்கிலத்தின் பிடியில் இருந்தன. தாய்மொழி பேசுவதே நாகரிகக் குறைவு என எண்ணும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். இந்நிலையை மாற்ற 1893இல் கேலிக் கழகம் தோன்றியது. டக்ளஸ் ஹைட் அதன் தலைவர். வரலாற்றறிஞர் ஓயன் மக்நீல் அதனை நிறுவியவருள் ஒருவர். ஹைட் சீர்திருத்தச் சபைக் குருவின் மகன், மக்நீல் கத்தோலிக்கர். சமயத்தால் பிளவுண்ட நாட்டில் மொழி இருவரையும் ஒரு பலகையில் அமர்த்தியது.

பாட்ரிக் திருநாளை மொழியின் நாளாக மாற்றும் முயற்சியில் கேலிக் கழகம் ஈடுபட்டது. மதுக்கடைகள் அன்று மூடப்படல் வேண்டும், அலுவலகங்களுக்கு விடுமுறை வேண்டும் என்று கிளர்ச்சி செய்தது. டப்ளின் தெருக்களில் மொழி ஊர்வலங்கள் நடந்தன. 1903இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மார்ச் 17 அயர்லாந்தில் பொது விடுமுறையாயிற்று. 1908இல் அயர்லாந்தின் தேசியப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதில் சேர விரும்பும் மாணவர் ஐரிஷ் மொழி கற்றிருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கையை மொழிப்பற்றாளர் எழுப்பினர். பெரும் விவாதத்திற்குப் பின் 1913 முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. மொழிக்காக நின்ற சிறு கழகம் ஒன்று இருபது ஆண்டுகளில் பல்கலைக்கழக வாயிலையே மாற்றிய வரலாறு இது. இலக்கிய அமைப்புகளில் பணியாற்றுவோர் எண்ணி மகிழத்தக்கது.

இவ்விழாவுக்கு மற்றொரு முகமும் இருந்தது. டப்ளின் கோட்டையில் ஆங்கிலேய அரசப் பிரதிநிதி வீற்றிருந்தார். மார்ச் 17 அன்று கோட்டை முற்றத்தில் படையணி வகுத்து மரியாதை செய்யும். இரவில் பாட்ரிக் பெயர் தாங்கிய மண்டபத்தில் சீமாட்டிகளும் சீமான்களும் நடனமாடுவர். தென்னாப்பிரிக்கப் போரில் அயர்லாந்துப் படையினர் காட்டிய வீரத்தை மெச்சி, அவர்கள் பாட்ரிக் நாளில் மூவிலை அணியலாம் என 1900இல் விக்டோரியா அரசியார் ஆணையிட்டார். அதுவரை எதிர்ப்பின் அடையாளமாகக் கருதப்பட்ட இலை, பேரரசின் பரிசாகவும் ஆயிற்று. ஒரே இலையை இரு தரப்பினரும் அணிந்தனர். கோட்டைக்குள் அதன் பொருள் ஒன்று, தெருவில் வேறொன்று.

இங்கு வந்தவரும் அங்குச் சென்றவரும்

அயர்லாந்து தமிழுக்கு முற்றிலும் அயலான நாடன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். பாரதியார் தம் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைக் காணிக்கையாக்கியது அயர்லாந்தில் பிறந்த நிவேதிதை அம்மையாருக்கு. 1915இல் அடையாறு வந்து சேர்ந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் பெல்பாஸ்ட் நகரத்தவர். அவர்தம் மனைவி மார்கரெட் கசின்ஸ் 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். 1919இல் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு இரவீந்திரநாத் தாகூர் வந்திருந்தபோது, பின்னாளில் நாட்டுப்பண்ணாகிய பாடலின் இசைக்குக் குறியீடு அமைத்தவரும் அவ்வம்மையாரே.

படைத்துறையிலும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அமைத்த ஐரோப்பியப் படைப்பிரிவு, பின்னர் அரச சென்னைத் துப்பாக்கிப் படை எனப் பெயர் பெற்றது. 1881இல் அது அரச டப்ளின் துப்பாக்கிப் படையின் முதற் பட்டாளமாக ஆக்கப்பட்டது. சென்னைப் பெயரைச் சுமந்த படை டப்ளின் பெயரை ஏற்றது. அடிமைப்பட்ட இரு நாடுகளையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்த பேரரசின் கணக்கு அது.

இவ்வாறு அங்கிருந்து இங்கு வந்தோர் பலர். இங்கிருந்து அங்குச் சென்றவர் சிலரே. அவருள் ஒருவர் கிரி. 1894 ஆகஸ்டு 10ஆம் நாள் பெர்காம்பூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று ஒடிசாவில் உள்ளது. அன்று கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சேர்வராயன் மலையும் கஞ்சம் கடற்கரையும் ஒரே சென்னை மாகாணத்தின் தென்பகுதியும் வடகோடியுமாக இருந்த காலம் அது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்விளைஞர், 1913இல் தம் பத்தொன்பதாம் வயதில் டப்ளின் பல்கலைக் கல்லூரியிலும், வழக்கறிஞர் பயிற்சி நிலையமாகிய கிங்ஸ் இன்ஸிலும் சேர்ந்தார். அவரோடு அந்நாளில் அங்குப் பயின்ற இந்திய மாணவர் சிறு குழுவினரே.

மூன்று திருநாள்கள்

கிரி சென்று சேர்ந்த ஆண்டில் டப்ளின் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1913 ஆகஸ்டில் தொடங்கிய தொழிலாளர் போராட்டத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்கு முதலாளிகள் ஆலைக் கதவை அடைத்தனர். ஜேம்ஸ் லார்கினும் ஜேம்ஸ் கானலியும் தொழிலாளர் பக்கம் நின்றனர். பட்டினியால் அப்போராட்டம் 1914 தொடக்கத்தில் முறிந்தது. அதே 1913 நவம்பரில் அயர்லாந்துத் தொண்டர் படை தொடங்கப்பெற்றது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர், டப்ளின் பல்கலைக் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஓயன் மக்நீல். பேராசிரியர் தலைமையில் ஒரு தொண்டர் படை! மாணவர் உள்ளங்களில் அது மூட்டிய கனலை ஊகிப்பது அரிதன்று.

அத்தகைய கல்லூரியில் இந்திய மாணவர் சேர்ந்தனர். அயர்லாந்து மாணவரும் அவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஒரே அரசின் கீழ் இருவரும் குடிமக்கள். இருவர் நாட்டிலும் சட்டம் வேறொரு தலைநகரில் எழுதப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் பட்ட கொடுமைகளை விவரித்து இந்திய மாணவர் ஒரு துண்டு நூலை வெளியிட்டனர். உளவுத்துறையார் கையில் அது சிக்கியது. அன்று முதல் அவர்கள்மேல் காவலர் கண் விழுந்தது. விக்டோரியா அரசியார் மூவிலை அணிய இசைவளித்தது எந்த நாட்டுப் போரை முன்னிட்டோ, அந்நாட்டில் தம் மக்கள் பட்ட துன்பத்தையே அம்மாணவர் எழுதினர் என்பது வரலாற்றின் முரண். கல்லூரி மாணவர் இதழிலும், தொண்டர் படையின் ஏட்டிலும் இந்திய மாணவர் எழுதிய பெயரில்லாக் கட்டுரைகள் இடம்பெற்றன. விருந்தினரைத் தம் ஏட்டில் எழுத விடுவதினும் மேலான வரவேற்பு வேறில்லை.

கிரியின் மாணவப் பருவத்துள் மூன்று பாட்ரிக் திருநாள்கள் டப்ளினில் வந்து சென்றன. மூன்றும் மூன்று வகை.

1914 மார்ச் 17 நம்பிக்கையின் நாள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதா இலண்டன் நாடாளுமன்றத்தில் இருந்தது. மூவிலை செருகியோர் முகங்களில் விடுதலை அண்மையில் உள்ளது என்னும் எதிர்பார்ப்பு இருந்தது.

1915 மார்ச் 17 பிளவின் நாள். 1914 ஆகஸ்டில் ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. பேரரசுக்காகப் போரிட வாருங்கள் என்று அயர்லாந்து நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட் அழைத்தார். தொண்டர் படை இரண்டாயிற்று. பெரும்பாலோர் ரெட்மண்டைப் பின்பற்றினர். மக்நீலுடன் நின்றவர் சிறுபான்மையினர். வகுப்பறை நண்பர்களுள் ஒருவர் பிரான்சின் அகழிக்குச் செல்ல, மற்றொருவர் டப்ளின் தெருவில் மரத் துப்பாக்கியுடன் பயிற்சி பெற்ற காலம் அது. கிரியும் இவ்விருதலை நிலைக்குத் தப்பவில்லை. 1914இல் இலண்டனில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். செஞ்சிலுவைத் தொண்டராகப் போர்ப் பணியில் சேருமாறு காந்தியடிகள் கேட்க, முதலில் இசைந்தார். பின்னர் அது தம் மனத்திற்கு ஒவ்வாமையை உணர்ந்தார். காந்தியடிகள் அவரை அப்பொறுப்பிலிருந்து விடுவித்தார்.

1916 மார்ச் 17 முன்னறிவிப்பின் நாள். அன்று தொண்டர் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகரின் நடுவேயுள்ள கல்லூரிப் பசுந்திடலில் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். மக்நீல் அவர்களைப் பார்வையிட்டார். போக்குவரத்து நின்றது. காவலர் பார்த்திருந்தனர். அரசு அதனைத் தடுக்கவில்லை. ஆறு வாரத்திற்குள் அதே தெருக்களில் குண்டு மழை பொழியும் என்பதைத் திடலில் நின்றோருள் வெகு சிலரே அறிவர். மக்நீலுக்கே அது தெரிவிக்கப்படவில்லை.

கவிஞரின் வகுப்பறை

அந்த இரகசியத்தை விரைவில் அறியவிருந்தவர்களுள் ஒருவர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த தாமஸ் மக்டோனா. 1878இல் பிறந்தவர், கவிஞர், நாடக ஆசிரியர், திறனாய்வாளர். கிரி அவருடைய வகுப்புகளில் பயின்றார். அவர்பால் பெருமதிப்புக் கொண்டார்.

மக்டோனா, அவர் நண்பர் பாட்ரிக் பியர்ஸ், இளங்கவிஞர் ஜோசப் பிளங்கெட் ஆகிய மூவரும் கவிஞர்கள். மூவரும் அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட எழுவருள் அடங்குவர். பியர்ஸ் 1908இல் ஐரிஷ் மொழிவழிக் கல்விக்காக ஒரு பள்ளியை நிறுவினார். மக்டோனா அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். அப்பள்ளிக்குப் பொருள் திரட்ட 1913 மே மாதம் டப்ளின் அபே அரங்கில் நாடகங்கள் நடிக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று தாகூரின் ‘அஞ்சலகம்’. தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, வங்கக் கவிஞரின் நாடகம் அயர்லாந்தின் மொழிப் பள்ளிக்குத் துணை நின்றது. ஒரு நாட்டின் இலக்கியம் மற்றொரு நாட்டின் மொழிக்குக் கைகொடுத்த நிகழ்ச்சி இது.

1916 ஏப்ரல் 24, உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை, எழுச்சி வெடித்தது. தலைமை அஞ்சலக வாயிலில் பியர்ஸ் பிரகடனத்தைப் படித்தார். மக்டோனா ஒரு பிஸ்கட் ஆலையைக் கைப்பற்றி அதன் தளபதியாக நின்றார். கல்லூரிக்கு அண்மையிலுள்ள ஸ்டீபன் பசுந்திடலில் கானலியின் குடிமக்கள் படையினர் பதுங்குகுழி வெட்டினர். எழுச்சியை அடக்க ஏவப்பட்ட படைகளுள், முன்பு சென்னைப் பெயர் தாங்கிய அந்த டப்ளின் துப்பாக்கிப் படையின் வேறு பட்டாளங்களும் இருந்தன. அயர்லாந்தினரை அயர்லாந்தினரே சுட்டனர். ஆறு நாளில் எழுச்சி முடிந்தது. மாண்டோர் ஏறத்தாழ 485 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் எப்பக்கமும் சேராத பொதுமக்கள் என்பதையும் மறத்தல் ஆகாது.

மே 3ஆம் நாள் விடியலில் பியர்ஸும் மக்டோனாவும் சுடப்பட்டனர். மறுநாள் பிளங்கெட். மே 12 அன்று, காயமுற்று நிற்க இயலாத கானலி நாற்காலியில் அமர்த்திச் சுடப்பட்டார். இலக்கிய வகுப்பு ஆசிரியரின்றி நின்றது. அயர்லாந்து இலக்கியம் பற்றி மக்டோனா எழுதிய ஆய்வு நூல் அவர் மறைந்த பின்னரே அச்சேறி வந்தது.

கையில் துப்பாக்கி எடுத்த கவிஞர்களைப் போற்றுவதா, அவர்தம் முடிவை மறுப்பதா என்னும் வினா அயர்லாந்திலேயே இன்றும் விவாதத்திற்குரியது. மக்நீல் அவ்வெழுச்சியை விரும்பாமல் நிறுத்தக் கட்டளையிட்டார் என்பதையும், அவர் மொழிப்பற்றில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஒரே விழாவில் ஒரே இலை அணிந்து நின்ற ஆசிரியர் இருவர் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். விழா ஒற்றுமையைத் தரும். முடிவை அவரவரே எடுத்தல் வேண்டும்.

எழுச்சிக்குப் பின் இந்திய மாணவர் தங்கிய இடங்கள் சோதனைக்கு உள்ளாயின. கானலி, பியர்ஸ், டி வலேரா முதலியோருடன் தொடர்புடையவர் எனக் கிரி ஐயுறப்பட்டார். ஒரு மாதத்தில் நாட்டை விட்டு நீங்குமாறு ஜூன் 1 அன்று தமக்கு ஆணை வந்ததாக அவர் பின்னாளில் எழுதியுள்ளார். ஜூன் 21 அன்று வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். கலைப் பட்டப் படிப்பு முற்றுப்பெறவில்லை. மூன்று திருநாள் கண்டவர் நான்காவது திருநாளுக்கு அங்கில்லை.

ஊர்வலத்தில் இந்தியர்

டப்ளினில் தொடங்கிய உறவு டப்ளினில் நின்றுவிடவில்லை. 1920 பிப்ரவரி 28 அன்று நியூயார்க்கில் இந்திய விடுதலை நண்பர் குழுவினர் கூட்டிய விருந்தில் டி வலேரா பேசினார். இந்தியாவின் வழக்கும் அயர்லாந்தின் வழக்கும் ஒன்றே என்பது அவ்வுரையின் சாரம். சில நாளில் வந்த மார்ச் 17 அன்று, நியூயார்க்கின் பாட்ரிக் ஊர்வலத்தில் இந்தியரும் தம் பதாகைகளுடன் நடந்தனர். பாட்ரிக் அவர்தம் அடியார் அல்லர். அயர்லாந்து அவர்தம் தாயகம் அன்று. ஆயினும் ஊர்வலத்தில் அவர்களுக்கு இடமிருந்தது.

அதே ஆண்டு ஜூனில் ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்னும் அயர்லாந்துப் படைப்பிரிவினர், தம் நாட்டில் நிகழும் அடக்குமுறையைக் கேட்டு ஆயுதம் ஏந்த மறுத்தனர். கிளர்ச்சி சோலன் மலை முகாமுக்கும் பரவியது. நவம்பர் 2 அன்று ஜேம்ஸ் டேலி என்னும் இளைஞர் தக்ஷாய் சிறையில் சுடப்பட்டார். இந்திய மண்ணில் ஓர் அயர்லாந்து உயிர் அதன் நாட்டுக்காகப் பிரிந்தது. விருந்தும் துயரும் இரு நாட்டாருக்கும் பொதுவாயின.

சேலம் கண்ட தொடர்பு

தாயகம் திரும்பிய கிரி வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை. தொழிலாளர் பக்கம் சென்றார். டப்ளினில் ஆலைக் கதவு அடைபட்டோரின் பட்டினியைக் கேட்டறிந்தவர் வங்க நாகபுரி இரயில்வேத் தொழிலாளரின் தலைவரானார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு இருமுறை தலைமை தாங்கினார். 1937இல் இராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் நலம், தொழில் ஆகிய துறைகளின் அமைச்சரானார்.

இவ்விடத்தில் வரலாறு சேலம் மாவட்டத்தைத் தொடுகிறது. சேலம் நகராட்சித் தலைவராக முன்னர்ப் பணியாற்றிய இராஜாஜி, அவ்வமைச்சரவையின் தொடக்கத்திலேயே 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். சேர்வராயன் மலை அம்மாவட்டத்தின் பகுதி. தன்னாட்சி பெற்ற அயர்லாந்து அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1927இல், பாட்ரிக் திருநாளன்று மதுக்கடைகளை மூடச் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை, எண்ணத்தில் உறவுண்டு. விடுதலை பெறவிருக்கும் மக்கள் தம் விழாவைத் தாமே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கையே இரு நாட்டிலும் காணப்பட்டது.

அதே 1937இல் அயர்லாந்து புதிய அரசியலமைப்பை ஏற்றது. ஐரிஷ் அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி என அது அறிவித்தது. அரசு பின்பற்ற வேண்டிய சமூக நெறிகளையும் அது வகுத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் அதனைப் பின்பற்றி அமைந்தவை. டப்ளினில் சட்டம் பயின்ற மாணவர் 1969 முதல் 1974 வரை அவ்வரசியலமைப்பின் காவலராகக் குடியரசுத் தலைவர் பதவியில் இருந்தார். 1980 ஜூன் 24 அன்று சென்னையில் மறைந்தார்.

விழாவின் உயிர்

அயர்லாந்தின் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. தன்னாட்சி பெற்றபின் அரசாணையால் மொழி பள்ளிகளில் கட்டாயமாயிற்று. ஆயினும் அன்றாட வாழ்வில் அதனைப் பேசுவோர் தொகை பெருகவில்லை. விழா உலகெங்கும் பரவிற்று. மொழி அதனுடன் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இன்று மார்ச் 17 அன்று எத்தனையோ நகரங்களில் கட்டடங்கள் பச்சை விளக்கணிந்து ஒளிர்கின்றன. அவற்றைக் காண்போர் பலரும் மக்டோனாவின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். விழாவை நிறத்தாலும் ஒலியாலும் காப்பது எளிது. அதன் பொருளைக் காப்பதே அரிது. அப்பணி எக்காலத்தும் கவிஞருடையது, சிறு கழகங்களுடையது.

பொங்கல் நாளைச் சமயங் கடந்த தமிழர் திருநாளாக உயர்த்தியதும் புலவர்களே. அறுவடைச் சடங்காயிருந்ததை மொழியின் நாளாகவும் மாந்தநேய நாளாகவும் அவர்கள் கண்டனர். அந்நாளில் கவியரங்கம் அமைவதும் நூல் வெளியிடுவதும் அப்பார்வையின் பயன்கள். டப்ளினில் கேலிக் கழகத்தார் செய்ததும் ஏறத்தாழ இதுவே. எனவே அவர்கள் வெற்றியும் தோல்வியும் தமிழ்ப் புலவர்க்குப் பாடம்.

அப்பாடத்தின் முதல் வரி இது: விழாவின் உயிர் அதன் பழமையில் இல்லை, வாயிலை எவ்வளவு அகலத் திறந்து வைக்கிறது என்பதில் உள்ளது. அடிமையாக வந்தவனை அடியாராக ஏற்றது அயர்லாந்து. வேற்றுமொழி மாணவரைத் தன் ஏட்டில் எழுத விட்டது டப்ளின் கல்லூரி. தன் ஊர்வலத்தில் இந்தியர்க்கு இடமளித்தது நியூயார்க். இவற்றால் அவ்விழா குறைவுபடவில்லை, நிறைவுற்றது. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டுக்குத் திட்டமிடுகையில், தன் விழா மேடையில் வேற்றுமொழிக் கவிஞர்க்கு ஓர் இருக்கை, மலைமொழியும் மலைப்பாட்டும் அறிந்தோர்க்கு ஓர் இருக்கை, இதுவரை மேடையேறாத இளையவர்க்கு ஓர் இருக்கை என மூன்று இருக்கைகளை ஒதுக்குமாயின், மூவிலையின் பொருள் இம்மலையிலும் தழைக்கும்.